பூட்டு வைத்த மூடி

குருவிடம் கார் இருந்தால் சீடருக்குப் பொறாமை வரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் பூதலிங்கத்துக்கு வந்தது. அறுபது வயசுக்கு மேல் வந்தது. லேசாகவும் வரவில்லை, வயிறு காந்துகிற அளவுக்கு வந்தது.

மலையடிவாரத்தில், தென்னந்தோப்புக்கு நடுவே, கோமதியம்மை ஒரு தியானக்கூடம் வைத்திருந்தார். அம்மைக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். பூதலிங்கம் அவருக்கு நல்ல மூப்பு. இருந்தாலும் இவர் அம்மையை 'அம்மா' என்பார், அம்மை இவரை 'அண்ணாச்சி' என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இரண்டு பேருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

கூடத்துக்கு ஒரு கார் உண்டு. வெண்ணெய் நிறம், பழைய வண்டி, கதவை இரண்டு தரம் ஓங்கி அடித்தால்தான் சாத்தும். நூற்பாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து அதை ஓட்டுவது பூதலிங்கம்தான். துடைப்பது, ஆயில் மாற்றுவது, பெட்ரோல் போடுவது எல்லாம் அவர்தான். அம்மை பின் சீட்டில் பேசாமல் வருவார். இவரும் பேசமாட்டார். அந்தப் பேச்சில்லாத நேரம் முழுக்கத் தனக்கே கிடைத்தது என்று அவருக்கு ஒரு பெருமை. வெளியே சொல்லமாட்டார், ஆனால் நடையில் தெரியும்.

அப்போதுதான் சக்தி வந்து சேர்ந்தாள். முழுப்பெயர் பிரம்மசக்தி. தென்காசியில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற பள்ளியில் வேலை பார்த்தவள். முப்பத்தெட்டு வயசு, வாய் நிறையப் பேச்சு. வந்த மாதத்திலேயே ஒருநாள் அம்மை சொன்னார்:

"அண்ணாச்சி, இன்னைக்குச் சக்தி ஓட்டட்டும். நீங்க செத்த நேரம் இருங்க."

அதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பூதலிங்கம் சாவியைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றார். சாயங்காலம் கார் திரும்பி வந்தது. அம்மை சிரித்துக்கொண்டே இறங்கினார்.

இத்தனை வருஷத்தில் தான் ஓட்டிய வண்டியிலிருந்து அம்மை ஒருநாளும் சிரித்துக்கொண்டு இறங்கியதில்லை என்பது அப்போதுதான் பூதலிங்கத்துக்கு உறைத்தது. அந்தச் சிரிப்பு அவரை ராத்திரி சாப்பிட விடவில்லை. போதாததற்கு, சக்தி சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "பெட்ரோலும் போட்டுட்டேன் அண்ணாச்சி" என்றாள். உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில்தான் சொன்னாள். இவருக்குத் தன் தட்டிலிருந்து ஒருத்தி எடுத்துச் சாப்பிட்டது போல இருந்தது.

மறுநாளே டவுனுக்குப் போய் பெட்ரோல் டேங்குக்கு ஒரு பூட்டு வைத்த மூடி வாங்கிவந்தார். கள்ளனுக்குப் பயந்து என்று எல்லாரிடமும் சொன்னார். அந்தத் தோப்புக்குள் கள்ளன் எங்கே வந்தான்? சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். மூடியைத் திருகிப் பார்த்தார். லேசாகப் பெட்ரோல் வாசனை வந்தது. அம்மைக்கு ஆகாது என்று, பழைய சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி, ஓட்டை கீட்டை எதுவும் போடாமல் மூடிக்கு அடியில் முழுசாக வைத்து அழுத்தினார். வாசனை நின்றது. தன் கைவேலையைப் பார்த்து அவருக்கே திருப்தியாக இருந்தது.

பிறகு சக்தி வண்டி எடுக்கிற நாளெல்லாம் ஒரு கூத்து நடந்தது. பூட்டு மூடியின் சாவியை அவளிடம் கொடுக்க இவருக்கு மனசு வரவில்லை. அவள் வருவதற்கு முன்னாலேயே ஷெட்டுக்குப் போவார். தன் மூடியைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார். நசுங்கிக் கிடந்த பழைய மூடியை எடுத்து டேங்கில் மாட்டிவிடுவார். அவள் திரும்பி வந்ததும் பழையதைக் கழற்றித் தன் மூடியைப் போட்டுப் பூட்டுவார்.

"எதுக்கு அண்ணாச்சி இந்தப் பாடு?" என்று சக்தி கேட்டாள்.

"உனக்குத் திறக்கத் தோதா இருக்கட்டும்னுதான்" என்றார் பூதலிங்கம்.

அவளும் நம்பினாள்.

அந்த வாரமே கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அம்மையை ஏற்றிக்கொண்டு பூதலிங்கம் போனார். சந்தை தாண்டும்வரை வண்டி ஒழுங்காகப் போயிற்று. அதற்குப் பிறகு இழுவை குறைந்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. பாலத்து ஏற்றத்தில் இரண்டு தரம் குலுக்கிவிட்டு நின்றுவிட்டது. கொஞ்சநேரம் சும்மா விட்டு மறுபடி சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பியது. அடுத்த தரமும் அப்படியே. அதற்கு அடுத்த தரமும் அப்படியே.

சக்தி ஓட்டினால் மட்டும் நிற்பதே இல்லை. குற்றாலம் வரை போய்த் திரும்பினாள், ஒரு குலுக்கல் கிடையாது.

கூடத்துச் சமையல்காரர் சுடலைமுத்துவுக்கு வாய் சும்மா இருக்காது. வண்டிக்கும் ஆள் தெரிகிறது போல என்று ஒருநாள் பூதலிங்கத்தின் காதுபடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பூதலிங்கம் அன்று மத்தியானம் ரசம் கேட்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, பூதலிங்கம் வேலை தெரிந்தவர். வெளியே மெக்கானிக்கிடம் விட அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. ஷெட்டிலேயே சாக்கை விரித்து உட்கார்ந்தார். பிளக்குகளைக் கழற்றித் தேய்த்துப் போட்டார். பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்தார். கண்டென்சரை மாற்றினார். கார்பரேட்டரைப் பிரித்து, ஜெட்டை ஊதி, மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். பெட்ரோல் பம்பைத் திறந்து உள்ளே இருந்த சவ்வு கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. ஷெட்டில் நிறுத்தி வைத்து ஓடவிட்டால் சாமி மாதிரி ஓடியது. ரோட்டில் இறக்கினால் சந்தை தாண்டி நின்றது.

அப்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் என்ன, ஆசை. அந்தப் பெண்தான் ஏதோ செய்கிறாள். தான் ஓட்டும்போது சரியாக வைத்துக்கொண்டு, கொடுக்கும்போது எதையோ திருகிவிட்டுக் கொடுக்கிறாள். நேரே போய்க் கேட்டார்.

சக்தி துவைத்துக்கொண்டிருந்தாள். "நான் பானெட்டையே திறந்ததில்லையே அண்ணாச்சி. பெட்ரோல் ஊத்துதேன், ஓட்டுதேன். அவ்வளவுதான்" என்றாள்.

பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவள் கள்ளியாக இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும்.

கடைசியில் அம்மையிடமே போனார். அம்மை சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பூதலிங்கம் நின்றபடியே கேட்டார்.

"அம்மா, நான் ஓட்டுனா நிக்குது. அவ ஓட்டுனா ஓடுது. நான் என்ன குறை வச்சேன்?"

அம்மை நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்டது காரைப் பற்றி மட்டும் இல்லை என்பது அம்மைக்குத் தெரியாமலா இருக்கும். புது எண்ணெய் டின் வந்திருக்கிறது, உடைத்துத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கொடுங்கள், பிறகு பேசுவோம் என்றார்.

பூதலிங்கத்துக்குச் சப்பென்று ஆகிவிட்டது. டின்னைத் தூக்கிவந்து வைத்தார். மேலே ஒரு மூலையில் ஆணியை வைத்து அடித்து ஓட்டை போட்டார். சாய்த்தார். எண்ணெய் கொஞ்சம் வந்தது, குடுக் குடுக் என்றது, திக்கியது, நின்றது. கோபத்தில் மறந்துவிட்டார் போல. ச்சே என்று டின்னை நிமிர்த்தி எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டார். மறுபடி சாய்த்தார். எண்ணெய் கயிறு மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது.

"முதல்ல போட்ட ஓட்டை பத்தாதா அண்ணாச்சி?" என்று அம்மை கேட்டார்.

"காத்து உள்ள போகணும்லாம்மா. போனாத்தானே எண்ணெய் வெளிய..."

தூக்குச்சட்டி நிரம்பித் தரையில் வழிந்தது. டின்னை அப்படியே போட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினார். சந்தைக்குப் போய் நின்று, தட்டுத்தடுமாறித் திரும்பிய வண்டி இன்னும் சூடாக இருந்தது. அரைஞாணிலிருந்து சாவியை எடுத்து மூடியைத் திருகினார்.

ஸ்ஸ்ஸ் என்று டேங்க் காற்றை இழுத்தது. ரொம்ப நேரம் மூச்சைப் பிடித்திருந்த ஆள் விட்டு இழுப்பது போல இழுத்தது.

பழைய மூடியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தார். நடுவில் குண்டூசி அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. புது மூடியிலும் இருந்தது. அதன்மேல் இவர் வெட்டி வைத்த ரப்பர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லை. கொஞ்சதூரம் ஓடியதும் பம்பால் இழுக்க முடியவில்லை. சக்திக்கு ஓடியதற்குக் காரணம், அவளுக்குச் சாவி தரமாட்டேன் என்று இவர் மாற்றி மாற்றிப் போட்ட அந்த நசுங்கிய மூடிதான்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரப்பரைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் மலைமேலிருந்து தகவல் வந்தது. அம்மையின் குரு, எல்லாரும் பெரியவர் என்று சொல்கிறவர், மலை உச்சியில் ஏலத்தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு குடிசையில் இருந்தார். உடம்பு ரொம்பத் தளர்ந்துவிட்டதாம். கோமதி வந்தாளா, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லணும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

அம்மையின் முகம் மாறியதை எல்லாரும் பார்த்தார்கள். விடிந்ததும் கிளம்பலாம், மலைரோடு, வழியில் நின்றுவிடக்கூடாது, அதனால் சக்தி ஓட்டட்டும் என்றார்.

பூதலிங்கத்தின் நாக்கு நுனியில் இருந்தது. கோளாறு தெரிந்துவிட்டது அம்மா, நானே ஓட்டுதேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொன்னால் மூடி கதை வெளியே வரும். ரப்பர் கதை வரும். சுடலைமுத்து சிரிப்பார். இப்படி ஒரு காரணம். அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது, அதைத்தான் அவர் உள்ளுக்குள் தடவிக்கொண்டிருந்தார். அவள் ஓட்டும்போதும் ஒருதரம் நிற்கட்டும். ஒரே ஒருதரம். அம்மை கண்முன்னால் நிற்கட்டும். கொஞ்சநேரம் விட்டால் தானாகவே கிளம்பிவிடும், யாருக்கு என்ன நஷ்டம்?

ஷெட்டுக்குப் போனார். ரப்பரைப் பழையபடி வைத்து அழுத்தினார். மூடியைத் திருகிப் பூட்டினார்.

விடிகாலையில் சக்தி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூட்டு மூடியைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பழையது போடவில்லையா என்று கேட்டாள். டேங்க் நிறைய இருக்கிறது, திறக்கவே வேண்டியிருக்காது என்றார் பூதலிங்கம். அம்மை வந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பூதலிங்கம் கதவை இரண்டு தரம் அடித்துச் சாத்தினார்.

அம்மை கண்ணாடியை இறக்கினார். "நீங்களும் ஏறுங்க அண்ணாச்சி."

"நான் எதுக்கும்மா?"

"ஏறுங்க."

ஏறினார். சக்திக்குப் பக்கத்தில், முன் சீட்டில். அந்தக் காரில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. எங்கே கையை வைப்பது என்று தெரியவில்லை.

சந்தை வந்தது, போனது. பாலம் வந்தது. வண்டி லேசாகத் திணறியது, ஆனால் ஏறிவிட்டது. சக்தி ஓட்டுவதைப் பூதலிங்கம் கவனித்தார். இவரைவிட நன்றாகத்தான் ஓட்டினாள். பள்ளம் வந்தால் அம்மைக்கு அலுங்காமல் இறக்கினாள். கண்ணாடியில் அடிக்கடி அம்மையைப் பார்த்துக்கொண்டாள். இவரும் இத்தனை காலம் அப்படித்தான் பார்த்தார். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆற்றாமை பொங்கியது. நிக்கட்டும், நிக்கட்டும் என்று மனசு முணுமுணுத்தது.

மலை ஏற ஆரம்பித்து ஒரு வளைவு தாண்டியதும் வண்டி குலுக்கியது. சக்தி செகண்ட் கியருக்கு மாற்றினாள். இழுவை இல்லை. மறுபடி குலுக்கல். அடுத்த வளைவில், நட்ட நடு ஏற்றத்தில், என்ஜின் அணைந்தது. வண்டி பின்னால் உருண்டது. சக்தி பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்தாள். பின்னால் மரம் ஏற்றிய லாரி ஒன்று கத்திக்கொண்டே வந்து நூலிழையில் நின்றது. லாரியிலிருந்து இறங்கியவன் வாய்க்கு வந்தபடி ஏசினான்.

பின்னால் உருளும் என்பது பூதலிங்கத்தின் கணக்கில் இல்லை.

சக்தி இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தாள். பானெட்டைத் திறந்து பார்த்தாள். சாவியைத் திருப்பினாள், கிளம்பவில்லை. மறுபடி திருப்பினாள். கடைசியில் அம்மை பக்கத்து ஜன்னலில் வந்து நின்றாள். கண் நிரம்பியிருந்தது.

"என்னாலதான்மா. எனக்கு இந்த வண்டியோட போக்கு தெரியலை. அண்ணாச்சி ஓட்டியிருந்தா கொண்டுபோய் சேத்திருப்பாவ."

பூதலிங்கம் எத்தனை நாளாக ஏங்கிய வார்த்தை அது! அம்மை முன்னாலேயே, அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். காதில் விழுந்தது. இனிக்கவில்லை.

அம்மை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. கை மட்டும் மடியில் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பூதலிங்கம் பார்த்தார்.

இறங்கினார். வண்டிக்குப் பின்னால் போனார். வேட்டியை விலக்கி அரைஞாணிலிருந்து சாவியை எடுத்தார். மூடியைத் திருகினார். நேற்றைவிடப் பெரிதாக ஸ்ஸ்ஸ் என்றது. லாரிக்காரனுக்கே கேட்டிருக்கும். அடியில் இருந்த ரப்பரை உரித்து எடுத்தார். மூடியைப் போட்டார், பூட்டவில்லை.

"இப்ப எடு" என்றார் சக்தியிடம்.

இரண்டு முறுக்கில் கிளம்பிவிட்டது. சக்தி இறங்கி, ஓட்டுகிற இடத்தை அவருக்கு விட்டு நின்றாள். "நீங்களே ஓட்டுங்க அண்ணாச்சி."

"வேண்டாம். நீயே ஓட்டு" என்றார் பூதலிங்கம். ரப்பர் வட்டத்தை எறியவும் முடியாமல் சட்டைப்பையில் போடவும் முடியாமல் மலை உச்சிவரைக்கும் கையில் பிடித்திருந்தார்.

பெரியவர் உயிரோடு இருந்தார். கண் திறந்திருந்தது. அம்மை பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்ததும் அந்தக் கண் நனைந்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

கூட இருந்து பார்த்துக்கொண்டவர் மெதுவாகச் சொன்னார், இப்போ கொஞ்சம் முன்னாடி வரைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்தார், கோமதி எங்கே வருகிறாள் என்று கேட்டார், அப்புறம்தான் பேச்சு நின்றது என்று.

வாசலில் நின்ற பூதலிங்கத்துக்கு அது நன்றாகக் கேட்டது. உள்ளே வரவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் பெரியவர் அடங்கினார். எல்லாக் காரியமும் முடிந்து மறுநாள் காலையில் இறங்கினார்கள். சக்திதான் ஓட்டினாள். கார் ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கியது. பாதி மலையில் ஓடை வந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க சக்தி கேனை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள்.

காரில் அம்மையும் பூதலிங்கமும் மட்டும் இருந்தார்கள். பழைய நாளில் இருந்தது போலவே பேச்சில்லாமல் இருந்தது. அவரால் அதைத் தாங்க முடியவில்லை. இறங்கிப் பின்கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையிலிருந்த ரப்பர் வட்டத்தை நீட்டினார்.

"இதுதான்மா கோளாறு. கிளம்புததுக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் திருப்பி வச்சேன்."

"எனக்கும் தெரியும், அண்ணாச்சி."

பூதலிங்கம் நிமிர்ந்தார்.

அம்மை நிதானமாகச் சொன்னார். "ஒரு திருகாணி கழண்டிருந்ததைக் கண்டுபிடிச்சாக்கூட என்கிட்ட ஓடி வந்து சொல்லுவீங்க. அன்னைக்கு டின்னைப் போட்டுட்டு ஓடுனீங்க. மூடி திறந்த சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தேன். நீங்க வரலை. காலையில பாத்தா பூட்டு மூடிதான் மாட்டியிருந்துச்சு."

ஓடையிலிருந்து சக்தி கேனைத் தூக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. பூதலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெரிஞ்சுமா ஏறுனீங்க? அவரு வாயால ஒரு வார்த்தை கேக்கத்தானே போனீங்க. அது போச்சே அம்மா. நான் கடைசிவரைக்கும் திறக்காமலே இருந்திருந்தா?"

அம்மை ரப்பர் வட்டத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சாவி உங்க இடுப்புல இருந்துச்சு. அதனாலதான் உங்களையும் ஏறச் சொன்னேன்."